ஊர்க் குழாய்த் தண்ணீரில் கோளாறா? குறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சிற்றூர்களில் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று, நூறு நூற்றைம்பது வீடுகளுக்குக் குழாய். ஒகேனக்கல் தண்ணீர் (கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர்) வரும் நாளில் அதுவும் அதே தொட்டியில் விழும். வராத நாளில் போர் தண்ணீர் மட்டும். கீழே உள்ள வழிமுறை அப்படிப்பட்ட ஊருக்கானது. தண்ணீர் எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரியும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஃபில்டர் வாங்குவதும் புது போர் போடுவதும் அதற்குப் பிறகுதான்.

முதல் வேலை: நான்கு பாட்டில்

நிறமில்லாத ஒரு லிட்டர் பாட்டில் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கப்போகும் தண்ணீரிலேயே மூன்று முறை அலசுங்கள்.

முதல் பாட்டில்: போர் மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு, தொட்டிக்கு ஏறும் முன் உள்ள குழாயில்.
இரண்டாவது: தொட்டிக்கு அடியில் உள்ள முதல் குழாயில்.
மூன்றாவது: கடைசித் தெருவின் கடைசிக் குழாயில்.
நான்காவது: புகார் சொன்ன வீட்டின் சம்ப் அல்லது மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில்.

நான்கிலும் இடம், தேதி, நேரம், அன்று தொட்டியில் இருந்தது போர் தண்ணீரா ஒகேனக்கல் தண்ணீரா என்பதை எழுதி ஒட்டுங்கள். இந்தக் கடைசி விவரத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நேற்றைய பாட்டிலையும் இன்றைய பாட்டிலையும் ஒப்பிட முடியாது. பிடித்தவுடன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள்.

முதல் பாட்டிலே சரியில்லை என்றால் கோளாறு போரில். முதல் பாட்டில் நன்றாக இருந்து இரண்டாவது கெட்டிருந்தால் தொட்டியில். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மாறினால் பைப் லைனில். நான்காவது மட்டும் கெட்டிருந்தால் அந்த வீட்டில்; ஊராட்சியைத் திட்டும் முன் சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள்.

சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு

இது கடினத்தன்மை. உறுதி செய்ய, அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, சுண்டுவிரல் நகமளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டு இருபது முறை குலுக்குங்கள். பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் மழைத்தண்ணீரை வைத்து அதேபோல் செய்யுங்கள். மழைத்தண்ணீரில் நுரை நிற்கும். கடின நீரில் நுரை உடனே அமுங்கி, மேலே தயிர் திரிந்தது போல வெள்ளைத் திப்பி மிதக்கும். ஷாம்புவையும் சலவைப் பவுடரையும் வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அவை கடின நீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றும்.

எண் வேண்டுமானால் ஊராட்சியில் உள்ள களப் பரிசோதனைப் பெட்டியைக் கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு. கடினத்தன்மைக்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட, ஒயின் சிவப்பாக இருக்கும் தண்ணீர் நீலமாக மாறும் சொட்டில் நிறுத்த வேண்டும். ஊதா நிறத்தில் நிறுத்திவிட்டால் கணக்கு குறைந்து காட்டும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு ஆதாரமே இல்லை என்றால் 600 வரை ஏற்கலாம்.

*சில நாள் மட்டும் அப்படி வந்தால்:* தொட்டியில் அன்று போர் தண்ணீர் கூடுதலாக விழுந்திருக்கிறது. டேங்க் ஆபரேட்டரிடம் எந்த நாள் எந்தத் தண்ணீர் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் நாளிலேயே பிடித்து வைத்தால் பிரச்சினையில் பாதி தீர்ந்தது.

*எல்லா நாளும் வந்தால்:* ஒரு லிட்டரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் உள்ள மண்டியைக் கலக்காமல் மேல்தண்ணீரை இறுத்து, சோப்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள். நுரைத்தால் தற்காலிகக் கடினம். பருப்புக்கும் குடிக்கவும் கொதிக்க வைத்து இறுத்தால் போதும். நுரைக்கவில்லை என்றால் நிலையான கடினம். எவ்வளவு கொதித்தாலும் போகாது, கேஸ்தான் தீரும்.

துணி துவைக்க மட்டும் என்றால் சலவைச் சோடா மலிவான வழி. கடினத்தன்மை 600 உள்ள 20 லிட்டர் வாளிக்கு உலர்ந்த சோடாத் தூள் 12 முதல் 15 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி. கலக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு சோப்பு போடுங்கள். பட்டுத் துணிக்கும் கம்பளிக்கும் ஆகாது. இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

ஹீட்டர் ராடில் படிந்த சுண்ணாம்பை எடுக்க, ராடைக் கரண்டிலிருந்து கழற்றி, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, கைப்பிடி நனையாதபடி இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். குழாய் வாயில் தண்ணீர் நூலாக ஒழுகினால் நுனியில் உள்ள சல்லடையைத் திருகி எடுத்து அதே கரைசலில் போடலாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தொடாதீர்கள். குழாயின் பூச்சையே தின்றுவிடும். எந்த ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது. சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு மூடிய குளியலறையில் ஆளை வீழ்த்தும்.

அடுத்தது சாஃப்டனர், அதாவது கடினத்தை நீக்கும் கருவி. வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். வீட்டுக்கு நாளைக்கு 500 லிட்டர், கடினத்தன்மை 600 என்றால் தினமும் 300 கிராம் கடினம் நீக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் (கருவிக்குள் கடினத்தைப் பிடிக்கும் மணிகள்) ஒரு சுற்றுக்குச் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி நான்கு நாள் தாங்கும்; அதன்பின் நான்கு கிலோ அளவுக்கு உப்பு கரைத்து ஓட்டி மீட்க வேண்டும். இதைவிடச் சிறிய கருவியைக் காட்டி மாதம் ஒரு முறை உப்பு போட்டால் போதும் என்றால் நம்பாதீர்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரெசின் சீக்கிரமே பழுதாகும். சாஃப்டனர் தண்ணீரில் சோடியம் கூடும் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்க அது வேண்டாம். செடிக்கும் ஆகாது. உப்புக் கரிப்பையும் புளோரைடையும் சாஃப்டனர் நீக்காது.

உப்புக் கரிக்கிறது

முதலில் டி.டி.எஸ். மீட்டரை நான்கு பாட்டிலிலும் விடுங்கள். 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது தரம். மீட்டர் கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டுமே காட்டும். கிருமியையும் புளோரைடையும் காட்டாது. 150 காட்டும் தண்ணீரிலும் சாக்கடை கலந்திருக்கலாம்.

கோடையில் மட்டும் கரித்தால் நீர்மட்டம் இறங்கிப் போர் அடிநீரை இழுக்கிறது. மோட்டாரை இடைவிடாமல் ஓட்டாமல் இரண்டு மணி நேரம் ஓட்டி இடைவெளி விட்டுப் பாருங்கள். போரை இன்னும் ஆழப்படுத்துவதுதான் தீர்வு என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். ஆழத்தில் கிடைப்பது இன்னும் உப்பாக இருக்கக்கூடும்.

இரண்டு ஆதாரம் உள்ள ஊரில் கலப்பதே மலிவு. போர் தண்ணீர் 1800, ஆற்றுத் தண்ணீர் 200 என்று வைத்தால், 30,000 லிட்டர் தொட்டியில் 22,500 ஆற்றுத் தண்ணீரும் 7,500 போர் தண்ணீரும் சேர்ந்தால் 600 வரும். உங்கள் ஊர் எண்ணைப் போட்டு இப்படிக் கணக்கிட்டு, தொட்டியின் அளவுகோலில் ஒரு கோடு போட்டு ஆபரேட்டரிடம் காட்டுங்கள். எந்த மட்டம் வரை போர், அதற்கு மேல் ஒகேனக்கல் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆர்.ஓ. கடைசி வழி. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு போகும். அந்தக் கழிவைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். திரும்பச் சம்பில் விட்டால் சம்ப் தண்ணீர் நாளுக்கு நாள் உப்பேறும்.

செம்பழுப்பாக வருகிறது

*முதல் அரை வாளி மட்டும்:* பழைய இரும்புக் குழாயின் துரு. அதைத் திறந்துவிட்டுப் பிறகு பிடியுங்கள். வாரக் கணக்கில் தொடர்ந்தால் அந்த நீளத்துக்குக் குழாயை மாற்ற வேண்டும்.

*பிடிக்கும்போது தெளிவு, ஒரு மணி நேரத்தில் சிவப்பு:* போர் தண்ணீரிலேயே இரும்பு. கொய்யா இலை இரண்டைக் கசக்கி ஒரு டம்ளரில் போடுங்கள். சில நிமிடத்தில் இலையைச் சுற்றி ஊதா கலந்த கறுப்பு பரவினால் சந்தேகமில்லை. டீ மை போலக் கறுப்பதும் இதே காரணத்தால்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை தரம் அனுமதிக்கிறது, 0.3 தாண்டினாலே வெள்ளை வேட்டியில் கறை தெரியத் தொடங்கும். அந்தக் கறைக்கு பிளீச்சிங் போட்டால் கறை இறுகிவிடும். எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போடுங்கள்.

வீட்டளவில் மூன்று பானை போதும். மேல் பானையின் அடியில் ஊசித் துளைகள் போட்டுச் சொட்டவிடுங்கள், காற்றுப் பட்டால் இரும்பு திரியும். நடுப்பானையில் அடியில் ஜல்லி, மேலே கழுவிய ஆற்று மணல் 20 சென்டிமீட்டர். கீழ்ப்பானையில் தெளிவு விழும். சொட்டு மெதுவானால் மேல்மணலை இரண்டு விரல் அளவு அள்ளிக் கழுவிப் போடுங்கள். ஊர் முழுவதற்கும் என்றால் இரும்பு நீக்கும் அமைப்பு வேண்டும். அது குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளரின் வேலை.

பால் போல் வெள்ளை

கண்ணாடி டம்ளரில் பிடித்து இரண்டு நிமிடம் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்று, குடிக்கலாம். மேலிருந்து கீழாகத் தெளிந்து மண்டி தங்கினால் சுண்ணாம்பு அல்லது மண். பிளீச்சிங் பவுடரை மண்டியோடு தொட்டியில் கொட்டியிருந்தாலும் இப்படி வரும்.

நாற்றம்

*அழுகிய முட்டை வாடை:* முதல் பாட்டிலும் வீசினால் போரிலேயே வாயு. பரந்த பாத்திரத்தில் ஊற்றி ஆற்றினால் பெரும்பாலும் போய்விடும். கடைசிக் குழாயில் மட்டும் வீசினால் தண்ணீர் தேங்கி நிற்கும் முட்டுச் சந்து. லைன் முடிவில் உள்ள வால்வைத் திறந்து தெளிவு வரும் வரை விடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இதை வழக்கமாக்குங்கள். வெந்நீர்க் குழாயில் மட்டும் என்றால் கீசரைக் கழுவ ஆள் கூப்பிடுங்கள்.

*சாக்கடை வாடை:* இந்தக் குறி வந்த நிமிடமே அந்தத் தெருவின் கேட் வால்வை மூடுங்கள். மற்றவை பிறகு. வாடை லேசாக இருக்கிறது, கொதிக்க வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டால் குழந்தைகளுக்குத்தான் முதலில் வயிற்றுப்போக்கு வரும்.

காரணம் தேடும் வரிசை இது. முதலில் குழிக் குழாய்கள். அழுத்தம் போதாத தெருவில் தரைக்கு ஓர் அடி கீழே குழி வெட்டிக் குழாய் வாயை அங்கே வைத்திருப்பார்கள். குடம் வைக்கும் அந்தக் குழியில் சிந்திய தண்ணீர், சோப்புத் தண்ணீர், மழை பெய்தால் தெருத் தண்ணீர் எல்லாம் தேங்கும். குழாய் வாய் அதில் மூழ்கி நிற்கும். மூடி இல்லாத குழாய் என்றால் தொட்டி வால்வை அடைத்ததும் மேட்டுத் தெரு லைன் காலியாகி, குழியில் உள்ளது உள்ளே போகும். மறுநாள் காலை முதல் குடத்தில் அதுதான் வரும். சோதிக்க, தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் ஈரக் காகிதத் துண்டு ஒன்றைத் திறந்த குழாய் வாயில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அந்தக் குழாய் உறிஞ்சுகிறது. குழாயைத் தரைக்கு ஒன்றரை அடி மேலே தூக்கி மூடியுள்ள பைப் போடச் சொல்லுங்கள்; குழியை மண் போட்டு மூடுங்கள். தண்ணீர் அங்கே ஏறவில்லை என்று வீட்டார் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். அதற்கு வழி தெருக்களை இரண்டாகப் பிரித்து வேறு வேறு நேரத்தில் விடுவது.

இரண்டாவது, ஊர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கும் வீடு. அந்த இழுப்பில் லைனின் ஒவ்வோர் ஓட்டையும் உறிஞ்சும் வாயாகிவிடும். மூன்றாவது, சாக்கடையைக் கடக்கும் இடத்தில் விரிசல். தண்ணீர் விடும்போது சாக்கடை ஓரமாக நடந்து பாருங்கள். ஓடாத சாக்கடையில் தெளிந்த தண்ணீர் குமிழியிட்டால் அங்கேதான். நான்காவது, தண்ணீர் நிரம்பிய கேட் வால்வுக் குழி.

சரி செய்த பிறகு லைனைக் கழுவ வேண்டும். தொட்டியில் 7,500 லிட்டர் நிறுத்தி, ஒன்றரைக் கிலோ பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிவை ஊற்றி, லைன் முழுவதும் நிரப்பி 12 மணி நேரம் நிறுத்தி, பிறகு எல்லாக் குழாயையும் திறந்து வெளியேற்றுங்கள். யாரும் பிடிக்கக் கூடாது என்று முன்னிரவே ஒலிபெருக்கியில் சொல்லியாக வேண்டும். இதை வாரியப் பொறியாளர் இருக்கும்போது செய்யுங்கள். இரண்டு வீடுகளில் ஒரே நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். லாரித் தண்ணீர் கேளுங்கள்.

*பிளீச்சிங் வாடை:* லேசாக இருந்தால் நல்ல குறி. தினசரி அளவு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, அரை மணி தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். குளோரினைச் சோதிக்கும் ஓ.டி. கரைசல் விட்டதும் இளமஞ்சள் தெரிந்தால் சரி, நிறமே இல்லை என்றால் குறைவு, ஆரஞ்சு என்றால் அதிகம். சோதித்த தண்ணீரைக் கீழே ஊற்றிக் கை கழுவுங்கள். 120 கிராம் போட்டும் மஞ்சள் வரவில்லையா? மூட்டையைத் திறந்து முகருங்கள். கட்டி தட்டி, மூக்கில் ஏறாமல் இருந்தால் பவுடர் செத்துவிட்டது. வாய் கட்டாத மூட்டை ஒரு மழைக்காலம் தாங்காது. பவுடர் புதிதாக இருந்தும் வராவிட்டால் லைனில் அழுக்கு நுழைகிறது. மேலே சொன்ன சாக்கடைப் பட்டியலைத் தொடங்குங்கள்.

மழை பெய்தால் கலங்குகிறது

போர் வாய் தரை மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கேசிங் பைப் (போருக்குள் இறங்கும் உறைக் குழாய்) தரைக்கு ஒன்றரை அடி மேலே நிற்க வேண்டும். சுற்றிலும் சரிவான சிமெண்ட் மேடை, வயர் இறங்கும் ஓட்டைக்கு அடைப்பு. இது ஒரு கொத்தனாரின் ஒருநாள் வேலை. அதன் பிறகும் கலங்கினால் கேசிங் உள்ளே உடைந்திருக்கலாம். கேமரா விட்டுப் பார்க்கும் போர்வெல் ஆளைக் கூப்பிடுங்கள். மழை இல்லாமலே மணல் வந்தால் மோட்டாரை உடனே நிறுத்துங்கள். மணல் பம்பைத் தேய்த்துவிடும்.

புழு, பாசி, இறகு

தொட்டி மூடி திறந்திருக்கிறது அல்லது காற்றுக் குழாயின் வலை கிழிந்திருக்கிறது. சிவப்பு நூல் போன்ற புழு கொசு மாதிரிப் பூச்சியின் குஞ்சு. நீங்கள் குடத்துக்கு வேட்டி கட்டி வடிப்பதால் தொட்டி சுத்தமாகாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவி, தேதியைத் தொட்டித் தூணில் எழுத வேண்டும். எழுதிய தேதி பழையதாக இருந்தால் ஊராட்சிச் செயலரிடம் அதையே காட்டுங்கள். தொட்டிக்குள் ஒருவர் தனியாக இறங்கக் கூடாது, வெளியே கயிறு பிடிக்க ஆள் வேண்டும்.

தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகள் பல்லில் கோடு

இந்த மாவட்டங்களில் எல்லாவற்றையும்விட இதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். புளோரைடுக்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி முன்பற்களைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டு, குறுக்கே பழுப்புக் கோடு, இரண்டு பக்கமும் ஒத்த பற்களில் ஒரே மாதிரி. துலக்கினால் போகாது. ஒரே தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு இருந்தால் தண்ணீரைச் சோதியுங்கள். 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் குடிக்கக் கூடாது. 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்புக் குறைப்பு இருப்பது இதனால்தான்.

கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி புளோரைடு கூடும். வீட்டு மெழுகுவத்தி (கேண்டில்) ஃபில்டர் அதைத் தொடாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும், போர் தண்ணீர் புழக்கத்துக்கு மட்டும் என்று பிரிப்பதே முதல் வழி. சோறும் குழம்பும் அந்தத் தண்ணீரை அப்படியே இழுத்துக்கொள்ளும், அதனால் சமையலை விட்டுவிடாதீர்கள். ஒரே தொட்டியில் கலக்கும் ஊர் என்றால் கணக்கு கறாராக இருக்க வேண்டும்: போரில் 3, ஆற்றில் 0.3 என்றால் கால் பங்குக்கு மேல் போர் தண்ணீர் விழுந்தாலே 1-ஐத் தாண்டிவிடும். ஒகேனக்கல் தண்ணீர் குறைந்த நாளில் சத்தமில்லாமல் போரைத் திறந்துவிடுவது இங்கேதான் தீங்கு செய்கிறது. குடிநீருக்குத் தனிச் சின்டெக்ஸ் தொட்டியும் தனிக் குழாயும் கேளுங்கள். மார்ச் 22 கிராம சபையில் தீர்மானமாகவே வையுங்கள். ஆற்றுத் தண்ணீரே எட்டாத குக்கிராமத்துக்குப் புளோரைடைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி அல்லது ஆர்.ஓ. வேண்டும். இரண்டையும் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டுமே போடுங்கள். அலுமினா நிறைந்துவிட்டால் புளோரைடு அப்படியே கடந்து வரும், கண்ணுக்குத் தெரியாது.

இதே இடத்தில் நைட்ரேட்டையும் பாருங்கள். கழிப்பறைக் குழியோ எருக்குழியோ போருக்கு அருகே இருந்தால் தர வரம்பான 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கக் கூடாது. கொதித்தாலும் போகாது.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் உண்டு. ரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர், சுத்தமான புதுக் கேனில். பழைய எண்ணெய்க் கேனும் குளிர்பான பாட்டிலும் வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்குள் இருக்கும் மருந்தைக் கழுவிவிடாதீர்கள். குழாய் வாயைத் துடைத்து, தீ காட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேருங்கள். கோடைக் கடைசியில் ஒன்று, முதல் பெருமழைக்குப் பிறகு ஒன்று என ஆண்டுக்கு இரு முறை அனுப்பி, போர் தண்ணீருக்கும் ஒகேனக்கல் தண்ணீருக்கும் தனித்தனி அறிக்கை வாங்கி, நகலை ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒட்டுங்கள்.